குளிராத பனிமலை



சென்ற மார்கழித் திங்களில் ஓர் இரவு நான் ஒரு பனிமலைக்குச் சென்று வந்தேன். கம்பளி அங்கி அணியவில்லை, பயணச்சீட்டு வாங்கவில்லை, வீட்டு வாயிலைக்கூடத் தாண்டவில்லை. மேஜைமுன் அமர்ந்தவாறே சென்றேன். தலைக்குமேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. முதியோர் இதனைக் கேட்டால், கிழவர் கனவு கண்டிருக்கிறார் என்று எண்ணக்கூடும். மாணவர்களாகிய நீங்களோ இதற்குள் உண்மையை ஊகித்திருப்பீர்கள். நான் சென்றது கணிப்பொறியின் துணையால் காணும் ஒரு மெய்நிகர் உலகத்திற்கு.

என்னை அழைத்துச் சென்றவள் கல்லூரியில் பயிலும் என் பேத்தி. "தாத்தா, ஆல்ப்ஸ் மலையை எத்தனை நாள்தான் புத்தகத்திலேயே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்? ஒரு முறை நடந்துதான் பாருங்களேன்" என்றாள்.

நாங்கள் சென்ற உலகத்தின் பெயர் செகண்ட் லைஃப். அமெரிக்காவிலே, சான்பிரான்சிஸ்கோ நகரத்து லிண்டன் லேப் என்னும் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் அதனைத் திறந்து வைத்தது. அதன் சிறப்பு ஒன்று உண்டு. நிறுவனம் நிலத்தையும் கருவிகளையும் தருகிறது. வீடும் மரமும் பாலமும் பெரும்பாலும் அங்கே குடிபுகுந்தவர்களே கட்டிக்கொள்பவை. நிலம் பக்கத்துக்கு 256 மீட்டர் கொண்ட சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான ஏற்பாட்டின்படி நமது நான்கு மணி நேரத்தில் அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடும். ஒவ்வொருவரும் ஓர் உருவம் தாங்கியே உள்ளே நுழைய வேண்டும். அவ்வுருவத்திற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'அவதார்'. நம்முடைய அவதாரம் என்னும் சொல்தான் கடல் கடந்து சென்று, இப்படித் திரும்பி வந்திருக்கிறது!

யாரோ சிலர் அரும்பாடுபட்டு அமைத்த ஒரு குளிர்கால விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊசியிலை மரங்கள் பனிச்சுமையால் தாழ்ந்து நின்றன. மரத்தாலான விடுதியின் உள்ளே கணப்பு எரிந்தது. வெளியே உறைந்த குளத்தின்மீது இருவர் கைகோத்துச் சறுக்கிக்கொண்டிருந்தனர். கம்பியில் தொங்கும் நாற்காலி ஒன்று எங்களைச் சிகரத்திற்கு ஏற்றிச் சென்றது. அங்கே சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கலானேன். பாதி வழியில் ஒரு மரத்தின்மேல் மோதி நின்றேன். வலிக்கவில்லை. அருகிலிருந்த பேத்திதான் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

விடுதிக்குள் நுழைந்தபோது ஒரு விந்தையைக் கண்டேன். கூரைக்குக் கீழும் பனி பெய்துகொண்டிருந்தது! காரணம் இதுதான். அங்கே விழும் பனி, ஒளித்துகள்களாகத் திரையிலே வரையப்படுவது. கூரை, சுவர் என்னும் தடைகளை அத்துகள்கள் அறியமாட்டா. அவற்றினூடே புகுந்து இறங்கிவிடும். பொய்ப் பனியின் இயல்பு அப்போது வெளிப்பட்டது. அது நனைக்காது, குளிராது, கூரைக்கும் அடங்காது.

'இத்தகைய பொய்யால் என்ன பயன்?' என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றிற்று. ஆனால், மெய்யான பனிமலை விடுதியின் வரலாற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆல்ப்ஸ் மலைக்கு விருந்தினர் வந்தது கோடையில்தான். குளிர்காலம் அஞ்சி ஒதுங்குவதற்குரிய காலம். 1864ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் என்னும் ஊரில் விடுதி நடத்திய யோகன்னஸ் பாட்ருட் என்பவர், தம் ஆங்கில விருந்தினரைக் குளிர்காலத்திலும் வருமாறு அழைத்தாராம். மனநிறைவு உண்டாகாவிடில் பயணச் செலவைத் தாமே தருவதாகவும் சொன்னாராம். வந்தவர்கள் வசந்தகாலம்வரை ஊர் திரும்பவில்லை என்று அவ்வூரார் இன்றும் கதை சொல்லுகின்றனர். அறுபது ஆண்டுகள் கழித்து, 1924இல், பிரான்சு நாட்டுச் சாமொனியில் முதலாவது குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகளே நடைபெற்றன. ஆகவே, அச்சத்துக்குரிய குளிரை இன்பத்துக்குரியதாக மாற்றியதும் மனிதனுடைய கற்பனைதான். கணிப்பொறிப் பனிமலை அக்கற்பனையின் அடுத்த படி.

கணப்பின் அருகே, வேற்று நாட்டைச் சேர்ந்த ஓர் அம்மையாரின் உருவம் அமர்ந்திருந்தது. எழுத்தாலேயே உரையாடினோம். நான் மரத்தில் மோதிய கதையைச் சொன்னேன். அவர் நகைத்துவிட்டு, தாம் பல்லாண்டுகளாகச் சக்கர நாற்காலியில் வாழ்பவர் என்றும், நாள்தோறும் மாலையில் இந்தச் சரிவில் ஒரு முறையேனும் இறங்கிவிட்டுத்தான் உறங்கச் செல்வதாகவும் எழுதினார். எனக்குச் சற்று நேரம் மறுமொழி எழுத வரவில்லை. 'பொய்ப் பனி' என்று மனத்திற்குள் ஏளனம் செய்துகொண்டிருந்தவன் நான். எனக்கு ஒரு வேடிக்கையாக இருந்த சரிவு, அவருக்கு அன்றாடத் தேவையாக இருந்தது. உடற்குறை உள்ளோர்க்கு வழிகாட்டுவதற்கென்றே வர்ச்சுவல் அபிலிட்டி என்னும் சேவை அமைப்பு அவ்வுலகில் ஒரு தீவை அமைத்திருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

இன்னொரு சான்றும் கூறுவேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பாட்டர்சன் என்னும் உளவியலறிஞர் இருவர், தீப்புண் பட்ட நோயாளிகளுக்காக 'ஸ்னோ வேர்ல்ட்', அதாவது பனியுலகம், என்ற ஒன்றை உருவாக்கினர். தீப்புண்ணின் கட்டை அவிழ்த்துத் தூய்மை செய்யும் வேளையில் எழும் வலி, மருந்துக்கும் முழுதும் அடங்காத கொடிய வலி. அவ்வேளையில் நோயாளியின் கண்களை மறைத்து ஒரு கருவியைத் தலையிலே பொருத்துகிறார்கள். அவர் பனி மூடிய பள்ளத்தாக்கினூடே மிதந்து செல்கிறார். எதிர்ப்படும் பனிமனிதர்கள்மீதும் பெங்குவின் பறவைகள்மீதும் பனிப்பந்துகளை எறிகிறார். புண்ணைப் பற்றிய நினைவு குறைகிறது. வலியை உணர்வதற்குக் கவனம் வேண்டும், கவனமோ அளவுடையது, அதனைப் பனி கவர்ந்துகொண்டால் வலிக்கு எஞ்சுவது சிறிதே. இதுவே அவர்தம் கருத்து. 2004ஆம் ஆண்டில், ஆய்வுக்கு இசைந்த நலமுள்ளோரின் காலில் சூட்டினால் வலியுண்டாக்கி, அவர்களுடைய மூளையைப் படம்பிடித்து ஆராய்ந்தனர். பனியுலகில் இருந்த நேரத்தில், வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் இயக்கமும் குறைந்திருந்தது. மருந்துக்கு மாற்று அன்று இது, மருந்துக்குத் துணை. ஆயினும், குளிராத பனி நெருப்பின் வேதனையைத் தணிக்கிறது என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கும் செய்தி அன்றோ?

அவ்வாறாயின், மெய்ப்பனி இனி வேண்டா என்று சொல்லலாமா? கூடாது. பொலிவியா நாட்டில் சாக்கல்தாயா என்றொரு மலையுண்டு. கடல் மட்டத்திற்கு ஐயாயிரம் மீட்டருக்கும் மேலே அமைந்த அதன் பனிச்சறுக்குக் களம், உலகிலேயே மிக உயர்ந்தது என்று பெயர் பெற்றிருந்தது. அதன் பனியாறு ஆண்டுக்காண்டு சுருங்கி, 2009இல் முற்றிலும் மறைந்துபோயிற்று. புவி வெப்பமடைந்ததே அதன் பெருங்காரணம். அந்தப் பனியைப் போல ஒன்றை நாளையே திரையில் வரைந்துவிடலாம். ஆனால், அதிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் உருகி வாராது.

கணிப்பொறி உலகமும் நிலையானதன்று. கூகுள் நிறுவனம் 2008 ஜூலையில் லைவ்லி என்னும் மெய்நிகர் உலகத்தைத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாளே அதனை மூடிவிட்டது. அங்கே அறை அமைத்து அழகு செய்தவர்களின் உழைப்பும் அதனுடன் மறைந்தது. மெய்ப்பனி வெப்பத்தால் அழியும். பொய்ப்பனி ஒரு பொத்தானை அழுத்தினால் அழியும். இரண்டையும் காப்பவன் மனிதன்; இழப்பவனும் அவனே.

மாணவர்களே, மெய்நிகர் உலகங்களுக்குச் செல்லாதீர்கள் என்று உங்களைத் தடுப்பது என் நோக்கமன்று. சென்றால், அங்கே காணும் உருவத்தின் பின்னால் ஓர் உயிர் இருப்பதை மறவாதீர்கள். பனி பொய்யாக இருக்கலாம். அதன்மேல் சறுக்கி இறங்குவோரின் மகிழ்ச்சியும் துயரமும் பொய்யல்ல. மெய்யான மலைகளுக்கு நீங்கள் ஆற்ற வேண்டிய கடமையையும் அங்கே தொலைத்துவிடாதீர்கள்.

அன்றிரவு கணிப்பொறியை அணைத்தபின், "தாத்தா, குளிர்ந்ததா?" என்று பேத்தி கேட்டாள்.

"இல்லை அம்மா. ஆனால், நாளை மாலையும் போவோம். அந்த அம்மையார் வந்திருப்பார்; மரத்தில் மோதாமல் இறங்கும் வகையைக் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்" என்றேன்.