கராபாக்: இரு தேசிய இனங்களின் துயரம்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

2023 செப்டம்பர் 19 அன்று அசர்பைஜான் இராணுவம் நாகோர்னோ-கராபாக் மீது தாக்குதல் தொடுத்தது. மறுநாளே எதிர்ப்பு அடங்கியது. சில நாட்களுக்குள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் வீடுகளையும் முன்னோரின் கல்லறைகளையும் துறந்து, லாச்சின் மலைப்பாதை வழியே வெளியேறினர். கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலான பண்டைய பகை என்று முதலாளித்துவ ஊடகங்கள் இதனைச் சித்திரிக்கின்றன. வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது.

1813ஆம் ஆண்டு குலிஸ்தான் உடன்படிக்கையின் மூலம் ஜாரின் ரஷ்யா இப்பகுதியைப் பாரசீகத்திடமிருந்து பெற்றது. பாக்கு எண்ணெய் வயல்களில் இரு இனத்தாரும் ஒன்றாக உழைத்தனர். 1904 டிசம்பரில் அந்நகரில் நடந்த பொது வேலைநிறுத்தம் முதலாளிகளைப் பணியவைத்தது. இரண்டே மாதங்களில் அதே நகரில் இனக்கலவரம் வெடித்தது. ஜாரின் அதிகாரிகள் அதைத் தடுக்காமல் நின்றனர். 1918இல் சுட்டுக் கொல்லப்பட்ட 26 பாக்கு கமிஸார்களில் ஆர்மீனியரான ஷௌமியான், அசர்பைஜானியரான அஜீஸ்பெகோவ், ஜார்ஜியரான ஜபரீத்ஸே, ரஷ்யரான ஃபியோலெத்தோவ் ஆகியோர் இருந்தனர். ஒற்றுமைக்கும் அங்கே ஒரு மரபு உண்டு.

1920 மார்ச்சில் ஷுஷா நகரின் ஆர்மீனியர் பகுதி எரிக்கப்பட்டது. அந்தத் தணல் ஆறுமுன்னரே சோவியத் அதிகாரம் தீர்வு காண வேண்டியிருந்தது. 1921 ஜூலையில் கட்சியின் காக்கேசியப் பிரிவு முதலில் ஆர்மீனியாவுக்கென முடிவெடுத்து, மறுநாளே அதை மாற்றியது. சமவெளியுடனான பொருளாதாரப் பிணைப்பும் இன அமைதியும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஆர்மீனியர் பெரும்பான்மையாக வாழ்ந்த கராபாக், 1923இல் அசர்பைஜானுக்குள் தன்னாட்சிப் பிரதேசமாயிற்று. ஏறத்தாழ 65 ஆண்டுகள் பெரும் போரின்றிக் கழிந்தன. எனினும் மொழி, பண்பாடு, வளர்ச்சி குறித்த மனக்குறைகள் தீர்க்கப்படாமல் புதைந்து கிடந்தன. இக்குறையை மறைப்பது மார்க்சியம் ஆகாது.

1988 பிப்ரவரியில் பிரதேச சோவியத் ஆர்மீனியாவுடன் இணையக் கோரியது. சில நாட்களில் சும்கயீத்தில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டனர். 1992இல் கோஜாலியில் அசர்பைஜானியர்கள் படுகொலை செய்யப்பட்டனர். 1994 போர்நிறுத்தத்தின்போது கராபாக்கைச் சுற்றிய மாவட்டங்களும் ஆர்மீனியப் படைகளிடம் இருந்தன. அங்கிருந்து இலட்சக்கணக்கான அசர்பைஜானியர்கள் துரத்தப்பட்டிருந்தனர். 2020இன் 44 நாள் போரும் 2023இன் வெளியேற்றமும் அந்த நாணயத்தின் மறுபக்கம்.

ஆதாயம் யாருக்கு? ரஷ்யா இரு தரப்புக்கும் ஆயுதம் விற்றது. துருக்கியும் இஸ்ரேலும் அசர்பைஜானுக்கு வழங்கின. இந்தியா ஆர்மீனியாவுக்குப் பினாகா ஏவுகணைகளை விற்றது. லாச்சின் பாதை முற்றுகையிடப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், 2022 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியம் பாக்குவுடன் எரிவாயு ஒப்பந்தம் செய்தது. 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் அறிவிக்கப்பட்ட போக்குவரத்துப் பாதைக்கு டிரம்ப்பின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

தோழர்களே, துரத்தப்பட்ட ஆர்மீனியரும் துரத்தப்பட்ட அசர்பைஜானியரும் தத்தம் ஊருக்கு அச்சமின்றித் திரும்பும் உரிமையே நியாயமான அமைதியின் முதற்படி. ஒரு தரப்பின் கண்ணீரை மட்டும் எண்ணுவது தேசியவாதம். இரு தரப்பின் கண்ணீரையும் எண்ணுவதே சர்வதேசியம்.