விளக்கு கிடைத்துவிட்டது!

நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்து என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! பனியையும் பொருட்படுத்தாமல் இந்த மலையடிவாரத்திலே கூடியிருக்கிற பெருமுக்கல் பெரியோர்களே, தாய்மார்களே!

புகழ்பெற்ற கலைஞரை வீழ்த்துவது அவர் மனமா, ஊர்ப் பேச்சா? ஊர்ப் பேச்சே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணி அம்மா பேசும்போது, "மனசு உறுதியா இருந்தா எவன் பேசினா என்ன?" என்று கேட்டார்கள். அம்மா, சாயங்காலம் இந்த மலைமேல் இருக்கிற சிவன் கோயிலுக்கு ஏறினேன். நாலு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மேலே ஏற என் கால் வேணும், என் மூச்சு வேணும். ஆனா மேலே நிற்கிறவனைக் கீழே தள்ள, அடுத்தவன் கை ஒண்ணு போதும்! (சிரிப்பு, கைதட்டல்)

எம்.கே. தியாகராஜ பாகவதர். 1934-ல் 'பவளக்கொடி'யில் தொடங்கினார். பத்து வருஷம், தமிழ்நாட்டின் தொண்டை அவர் தொண்டைதான். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம்.

அந்தக் காலத்திலே லட்சுமிகாந்தன் என்று ஒருவர். 'சினிமா தூது', அப்புறம் 'இந்து நேசன்'. நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதி விற்ற பத்திரிகைகள். எழுதினது அவர், சரி. காசு கொடுத்து வாங்கினது யாரு? நம்ம தாத்தாக்கள்தானே! 1944 நவம்பரில் வேப்பேரியில் அவரைக் கத்தியால் குத்தினார்கள்; மறுநாள் இறந்தார். அதே வருஷக் கடைசியில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள்.

இதிலே ஒரு வேடிக்கை பாருங்க. அவர் கம்பிக்கு உள்ளே இருக்கார்; அவர் படம் பிராட்வேயில் ஓடுது! டிக்கெட் வாங்கிப் பாட்டைக் கேட்டுவிட்டு, வெளியே வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "கொலை பண்ணியிருப்பாரோ?" என்று பேசியதும் ஒரே வாய்தான்.

விடுதலைக்குப் பிறகு 'ராஜமுக்தி', 1948. படுத்துவிட்டது. 1952-ல் 'அமரகவி', 'சியாமளா'. 1957-ல் தானே இயக்கிய 'புது வாழ்வு'. பெயரிலேதான் புது வாழ்வு இருந்தது. 1959 நவம்பர் 1-ம் தேதி கண்ணை மூடினார். வயது 49. கடைசிப் படம் 'சிவகாமி' 1960-ல், அவர் இறந்த பிறகு வந்தது.

இப்ப எதிரணி எழுந்து நிற்பார்கள், எனக்குத் தெரியும். "அதே வழக்கு, அதே தண்டனை, அதே விடுதலை. கலைவாணர் எழுந்தாரே! 'நல்லதம்பி' எடுத்தார், 'மணமகள்' எடுத்தார், 'பணம்' எடுத்தார். அப்ப மனசுதானே காரணம்?" நல்ல கேள்வி. மழுப்பமாட்டேன். கலைவாணர் மனசு பெரிய மனசு. ஆனா கலைவாணரை ஜனங்கள் நம்ம வீட்டு மனுஷனாகப் பார்த்தார்கள். வீட்டு மனுஷன் ஜெயிலுக்குப் போய் வந்தால் சோறு போடுவோம். பாகவதரைப் பக்தனாக, சாமியாகப் பார்த்தார்கள். சாமி மேலே சந்தேகம் வந்துவிட்டால், கோர்ட்டு சொன்னாலும் தீராது. அந்தப் பீடத்தைப் போட்டதும் நாமதான், உருவினதும் நாமதான். ரசனை மாறியது, புதுக் குரல்கள் வந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடுகிறவன் காலை ஒடித்துவிட்டு, பந்தயத்தில் பிந்திவிட்டான் என்று சொல்லலாமா? (கைதட்டல்)

கடல் தாண்டியும் இதே கதை. மைக்கேல் ஜாக்சன். 2005 ஜூனில் கலிபோர்னியா நீதிமன்றம் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் அவரை விடுவித்தது. பேச்சு விட்டதா? 2009 ஜூனில் இறந்தார். வயது 50.

பெரியவர்கள் கதை இருக்கட்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். திரௌபதி அம்மன் திருவிழா. துரியோதனன் வேஷம் கட்டினார் ஒரு கூத்துக்காரர். படுகளத்தில் அவர் விழுந்தால் ஊரே அழும். அந்த வருஷம் திருவிழா முடிந்ததும் கோயில் வெள்ளி விளக்கைக் காணோம். "வெளியூர்க்காரன் அவன்தானே!" என்று யாரோ சொன்னார்கள். பஸ் ஏறப் போனவர் பின்னாலே பையன்கள் ஓடி, "விளக்கு! விளக்கு!" என்று கத்தினோம். ஓடியதில் நானும் ஒருவன்.

ஆடி மாசம் விளக்கு கிடைத்தது. பழைய பந்தல் துணிக்குள்ளே. "சரி, கிடைச்சிட்டுதே" என்றார்கள். அடுத்த வருஷம் வேற ஜமாவை அழைத்தார்கள்.

ரொம்ப வருஷம் கழித்து, நான் வாத்தியாரான பிறகு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். "அண்ணே, அந்த விளக்கு கிடைச்சிட்டுதுண்ணே" என்றேன். "எப்ப தம்பி?" என்றார். "அந்த வருஷமே, ஆடியிலே." கடலை மடிக்கிற கை நின்றுபோச்சு. "எனக்கு யாரும் சொல்லலியே தம்பி" என்றார். அவ்வளவுதான். அப்புறம் அவர் வேஷம் கட்டவே இல்லை.

நடுவர் அவர்களே, அவர் மனசிலே என்ன குறை? துரியோதனனாக நின்ற ஆள்!

வள்ளுவர் அறத்துப்பாலில் 'புகழ்' என்ற அதிகாரத்தை 24-வதாக வைத்தார். 'புறங்கூறாமை'யை 19-வதாக, அதற்கு முன்னாலேயே வைத்தார். ஊர் வாயை அடக்கக் கற்றுக்கொண்டால்தான் ஒருத்தன் புகழ் நிற்கும் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் தீர்ப்பு எந்த அணிக்கு வேணும்னாலும் போகட்டும். இந்த ஊர் ஜனங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்குக் கைப்பேசியிலே பழி ஒரு நிமிஷத்தில் நாடு சுற்றுகிறது. "விளக்கு காணோம்" என்று பத்துப் பேருக்குச் சொன்னவன், "விளக்கு கிடைச்சிட்டுது" என்று அந்தப் பத்துப் பேருக்கும் சொல்லணும். முக்கியமாக, அந்த ஒருத்தருக்குச் சொல்லணும். (நீண்ட கைதட்டல்)