மூன்று முறை தட்டப்பட்ட கதவு

வயதில் மூத்தவர்களோடு சற்று நேரம் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் ஓரிடத்துக்கு வந்து சேரும். "அன்றைக்கு அந்த வேலை கிடைத்திருந்தால் நான் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டேன்" என்பார் ஒருவர். "அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதும் நல்லதற்குத்தான்" என்பார் இன்னொருவர். சொல்லி முடித்ததும் கை தானாகக் கும்பிடும். சிலருக்கு அது திருவருள், சிலருக்குத் தேவ சித்தம், சிலருக்கு அல்லாஹ்வின் நாட்டம். நானும் அப்படி நம்புகிறவன்தான். நம்புவதாலேயே, அதை எந்த இடத்தில் சொல்லலாம், எந்த இடத்தில் சொல்லக் கூடாது என்ற கவலையும் எனக்கு உண்டு. அந்தக் கவலையோடுதான் இன்று வேலூரில் ஆஸ்பத்திரி தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர், மருத்துவ ஊழியம் செய்ய 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தவர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே வழியில் போனார்கள். ஐடாவுக்கு மட்டும் அதில் விருப்பமில்லை. சின்ன வயதில் தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர் அவர். அமெரிக்காவில் படித்து, அங்கேயே வாழ்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்ததால் 1890-ல் திண்டிவனம் வந்தார். தாயார் தேறியதும் திரும்பிவிடுவதாக இருந்தார்.

அங்கே தங்கியிருந்தபோது ஓர் இரவு வீட்டு வாசலில் ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். மனைவிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள், நீங்கள் வர வேண்டும் என்றார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரோடு நானும் வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் என் மனைவியைப் பார்ப்பதா என்று அவர் போய்விட்டார். சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக இன்னொரு இந்து. அவரும் அப்படியே திரும்பிப் போனார். இரவெல்லாம் ஐடாவுக்குத் தூக்கமில்லை. விடியற்காலையில் தெருவில் பறையொலி கேட்டது. ஆளனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அன்று காலையே, தான் டாக்டருக்குப் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னார். கடவுள் தன்னை அழைத்தார் என்பதில் கடைசிவரை அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கதையை மேடைகளில் சொல்கிறவர்கள் சிலர் ஒரு படி மேலே போய்விடுகிறார்கள். வேலூருக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி வர வேண்டும் என்பதற்காகவே அந்த இரவைக் கடவுள் ஏற்பாடு செய்தார் என்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. வாசலுக்கு வந்த மூன்று ஆண்களின் சாதியும் மதமும் கதையில் இருக்கின்றன. இறந்த பெண்களின் பெயர் ஒன்றுகூட நான் படித்த வரலாறுகளில் இல்லை. அவர்களுக்கும் கடவுள் இருந்தாரே! இன்னொருவரை டாக்டராக்குவதற்குச் செலவழிக்கும் காசா அவர்களுடைய உயிர்?

இதே கேள்வி இன்னொரு பழைய கதையிலும் எழுகிறது. திண்டிவனத்துக்குத் தெற்கே, அதிக தூரமில்லை, பண்ருட்டிக்கு அருகில் இருக்கிறது திருவதிகை. சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்த மருள்நீக்கியார், சூலை நோய் தாளாமல் தமக்கை திலகவதியாரிடம் வந்து விழுந்தது அங்கேதான். அக்கா திருநீறு கொடுத்து அவ்வூர்ச் சிவன் கோயிலான வீரட்டானத்துக்கு அழைத்துப் போனார். தம்பி பாடினார், நோய் தீர்ந்தது, அப்பர் நமக்குக் கிடைத்தார். அந்தச் சூலையைச் சிவன் தம்மை ஆட்கொண்ட வழியாக அப்பர் ஏற்றார். துடித்தது அவருடைய வயிறு, ஆகவே அது அவர் சொல்லத்தக்கது. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு சாவு இருக்கிறது. திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். உயிரை விடத் துணிந்த திலகவதியார், தம்பிக்காகவே உயிர் தரித்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். கலிப்பகையார் இறந்ததும் நல்லதற்குத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்ல உரிமை உள்ளவர் திலகவதியார் ஒருவர்தான்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் "ஏதோ ஒரு நன்மைக்குத்தான் ஆண்டவன் இதைச் செய்திருக்கிறான்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அது எப்படிக் கேட்கும்? தயவுசெய்து அங்கே அதைச் சொல்லாதீர்கள். பத்து வருஷம் கழித்து அவளாகவே ஒருநாள் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

மறுபடி ஐடாவிடம் வருவோம். அவர் அமெரிக்கா போய்ப் படித்து 1899-ல் டாக்டர் ஆனார். ஆஸ்பத்திரிக்காகப் பணம் திரட்ட நியூயார்க்கில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தார். அந்த வீட்டம்மாளிடம் பேசியதை, அடுத்த அறையில் இருந்த ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளர் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளே கூப்பிட்டு, மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஐடா இந்தியா திரும்பிய 1900-ஆம் ஆண்டிலேயே, யாரிடம் தொழில் பழகலாம் என்று நம்பி வந்தாரோ அந்தத் தந்தை இறந்துபோனார். வேலூரில் கட்டில் ஒன்றை வைத்துத் தனியாகத் தொடங்கினார். ஷெல் பெயரிலான ஆஸ்பத்திரி 1902-ல் எழுந்தது.

அந்த மூன்று பெண்களும் எதனால் இறந்தார்கள் என்பதை அவர் மறக்கவில்லை. ஆண் டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். பெண் டாக்டர் இல்லை, அவ்வளவுதான். தான் ஒருத்தி டாக்டரானால் எத்தனை வாசலுக்குப் போக முடியும்? 1909-ல் நர்ஸ் பயிற்சியைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியைத் திறந்தார். படிக்கப் பெண்கள் வரவே மாட்டார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். வந்தார்கள். முதலில் சேர்ந்தவர்கள் 1922-ல் படிப்பை முடித்து, பிரசவம் பார்க்கத் தெரிந்த டாக்டர்களாக வெளியே வந்தார்கள்.