தாளம் தவறியது யாரால்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பற்றி ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆலைக் கருவிகளைப் பற்றிப் பேசினால் முன்வரிசை தூங்கிவிடும். ஆகவே வீடியோ கேம் பற்றிப் பேசப்போகிறேன். "முப்பத்தஞ்சு வயசுல உனக்கு என்னடா விளையாட்டு?" என்று என் அம்மா கேட்பார். அதற்கான பதில் இந்தப் பேச்சின் கடைசியில் இருக்கிறது.

வேலை நிமித்தமாக ஓராண்டு யோகோஹாமாவில் தங்கியிருந்தேன். மாலையில் அறைக்குத் திரும்பும் வழியில் ஒரு கேம் சென்டர். நூறு யென் நாணயம் போட்டால் 'பீட்மேனியா டூ டிஎக்ஸ்' ஆடலாம். கொனாமி நிறுவனம் 1997 டிசம்பரில் ஐந்து பட்டனும் ஒரு சுழல்தட்டும் வைத்து பீட்மேனியாவைக் கொண்டுவந்தது. 1999இல் வந்த டூ டிஎக்ஸில் பட்டன்கள் ஏழு. பியானோ கட்டை மாதிரி கீழே நாலு, மேலே மூன்று, பக்கத்தில் தட்டு. திரையில் குறிகள் மேலிருந்து விழும். கோட்டைத் தொடும் அந்த நொடியில் பட்டனைத் தட்ட வேண்டும், அல்லது தட்டைத் திருப்ப வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பாட்டின் பல ஒலிகள் துண்டு துண்டாக நம் விரலில் கட்டப்பட்டிருக்கின்றன. நாம் தட்டினால்தான் அந்த ஒலி வரும். முந்தித் தட்டினால் முந்தி வரும், பிந்தினால் பிந்தும். நம் தப்பு நம் காதிலேயே விழுந்துவிடும்.

தட்டின் அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? பல் வெட்டிய ஒரு வளையம், இரண்டு ஒளி உணரிகள். எது முதலில் மறைக்கப்படுகிறது என்பதை வைத்துத் திசையைக் கண்டுபிடிக்கிறார்கள். நாம் லேபில் பாதி தூக்கத்தில் செய்தோமே, அதே என்கோடர்தான்! பட்டனுக்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு மைக்ரோ ஸ்விட்ச். தேய்ந்தால் கழற்றி மாற்றலாம்.

இரண்டாவது விளையாட்டு 'டிஜே ஹீரோ'. ஆக்டிவிஷன் 2009 அக்டோபரில் வெளியிட்டது. கன்ட்ரோலரோடு சேர்த்து அமெரிக்காவில் 120 டாலர். நான் ஊர் திரும்பிய பிறகு என் அறை நண்பன் பழைய செட் ஒன்றை வாங்கி வந்தான். இதில் மூன்று பட்டன்களும் தட்டின் மேலேயே இருக்கின்றன. பட்டனை அழுத்தியபடியே தட்டை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். மறு கையில் கிராஸ்ஃபேடர். அதை இடம் தள்ளினால் ஒரு பாட்டு, வலம் தள்ளினால் இன்னொன்று, நடுவில் வைத்தால் இரண்டும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் தட்டைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம்.

பார்வைக்கு இதுதான் நிஜ டிஜேயின் மேஜை மாதிரி. இரண்டு பாட்டைக் கலக்கும் சுகம் பீட்மேனியாவில் கிடையாது. ஆனால் இங்கே குறியைத் தவறவிட்டால் அந்தப் பாட்டின் ஒலி அடங்கிவிடும், அவ்வளவுதான். எவ்வளவு தவறினோம், முந்தினோமா பிந்தினோமா என்று காது சொல்லாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு தட்டிலும் மோட்டார் கிடையாது. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போன்ற நிஜக் கருவியில் தட்டை மோட்டார் சுழற்றும். டிஜேயின் கை அதை எதிர்த்து இசைத்தட்டைப் பிடிக்கும். அந்த எதிர்ப்பை இரண்டு விளையாட்டும் நமக்குத் தருவதில்லை.

டிஜே ஹீரோவின் இரண்டாம் பாகம் 2010இல் வந்தது, அதோடு சரி. பீட்மேனியா டூ டிஎக்ஸ் 2024இல் 32ஆவது பதிப்பைக் கண்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். நண்பனின் டிஜே ஹீரோவை வீட்டு டிவியில் மாட்டி ஆடினேன். எல்லாமே தப்பு! யோகோஹாமாவில் ஓரளவு நன்றாக ஆடியவன் நான். 'நமக்குத் தாளம் போய்விட்டது' என்று நொந்துகொண்டேன். ஒலி அடங்குகிறதே தவிர, ஏன் என்று தெரியவில்லை. பிறகுதான் அமைப்புப் பகுதியில் தாமதத்தைச் சரிசெய்யும் வசதி கண்ணில் பட்டது. டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள் சுமார் 100 மில்லி விநாடி போய்விடுகிறது. நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் ஒரு அடிக்கு 500 மில்லி விநாடி. அதில் கால் பங்கு 125. அதாவது, திரையைப் பார்த்துத் தட்டும் நான் கிட்டத்தட்ட அந்தக் கால் அடி பின்தங்கியே ஆடிக்கொண்டிருந்தேன். தாமதத்தைச் சரிசெய்ததும் கை சரியாகிவிட்டது. கை என்றைக்குமே சரியாகத்தான் இருந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் விளையாட்டு இல்லை.

அப்போது நான் வேலை பார்த்த ஆலையில் ஒரு பேக்கிங் லைன். பெட்டி உணரியைக் கடந்ததும் திரையில் விளக்கு எரியும். அரை விநாடிக்குள் ஆபரேட்டர் பட்டனை அழுத்த வேண்டும். ஒருவர் தொடர்ந்து தாமதிக்கிறார் என்று கணினிப் பதிவு சொன்னது. அவருக்கு மெமோ தயாராகிக்கொண்டிருந்தது. இருபது வருட சர்வீஸ் உள்ள மனிதர். 'ஆபரேட்டரின் வேகக் குறைவு' என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தவன் நான்.

திங்கட்கிழமை காலையில் லைனுக்குப் போனேன். விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசிக் கேமராவில் உணரியின் சிறு விளக்கையும் திரையையும் சேர்த்துப் படமெடுத்தேன். உணரி விளக்கு எரிந்து சரியாக 60 படம் கழித்துத்தான் திரை மாறியது. கால் விநாடி! அவருக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை இயந்திரமே தின்றுவிட்டிருந்தது.

மேலாளரிடம் போய் என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றேன். மெமோ நின்றது. பிறகு அந்த அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, லைட்டு லேட்டா எரியுதுன்னு நான் அப்பவே சொன்னேனே. யாரு கேட்டா?" என்றார். அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் உறுத்துகிறது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் செய்யப்போகும் கருவிகளின் மறுமுனையில் ஒரு மனிதக் கை இருக்கும். தப்பு நேரும்போது முதலில் அந்தக் கையைச் சந்தேகிக்காதீர்கள். கருவியை அளந்து பாருங்கள். அதற்கும் முன்னால், அந்த மனிதரைக் கேளுங்கள்.

அம்மாவுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான். அந்த விளையாட்டை ஆடியிருக்காவிட்டால் அந்தக் கையெழுத்து அப்படியே நின்றிருக்கும்.