படத்தைப் பார்த்துப் பேர் சொல்ல முடியாத உயிர்

பவளப்பாறையில் எடுத்த படத்தை அனுப்பி, "இது என்ன கடற்பஞ்சு?"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. கொல்லிமலை வளப்பூர் நாட்டுல, கடல் கண்ணுக்கே எட்டாத இடத்துல உட்கார்ந்துக்கிட்டு பதில் சொல்றேன்: படத்தை மட்டும் வெச்சு பெரும்பாலும் சொல்ல முடியாது.

மீனுக்குத் துடுப்பு இருக்கு, வரி இருக்கு. கடற்பஞ்சுக்கு நிலையான உருவமே கிடையாது. ஒரே இனம் அலை அடிக்கிற இடத்துல தட்டையாப் படர்ந்திருக்கும், அமைதியான இடத்துல விரல் மாதிரி நீண்டிருக்கும். ஆல்கஹால்ல போட்டா நிறமும் போயிடும். அதனால உயிரோட இருக்கும்போதே நிறம், ஆழம், தொட்டா எப்படி இருக்குன்னு எல்லாத்தையும் குறிச்சுக்கணும்.

நிஜமான அடையாளம் உள்ளே இருக்கு. பெரும்பாலான கடற்பஞ்சுகளோட உடம்புல ஸ்பிக்யூல்னு நுண்ணிய ஊசிகள் இருக்கும். கண்ணாடியில இருக்கிற அதே சிலிக்காதான். சின்னத் துண்டை ப்ளீச்ல போட்டா சதை கரைஞ்சுடும், ஊசிகள் அடியில தங்கும். பல தடவை அலசி, மைக்ராஸ்கோப்ல வெச்சு, ஒவ்வொண்ணா அளக்கணும். அந்த ஊசிகள் உடம்புக்குள்ள எப்படி அடுக்கியிருக்குன்னு பார்க்க, இன்னொரு துண்டை மெல்லிசாச் சீவணும். இப்போ டிஎன்ஏவும் பார்க்கறாங்க. ஆனா ஊசி எண்ணுற வேலை இன்னும் போகல.

இவ்வளவு மெனக்கெடல் எதுக்கு? 1973ல் குவாம் தீவுல, பவளத்து மேல சாம்பல் கலந்த கறுப்புல ஒரு படலம் படர்றதைப் பத்தி ஒரு கட்டுரை வந்தது. மேலோட்டமாப் பார்த்தா பாசின்னு நினைப்போம். அது டெர்பியோஸ் வகைக் கடற்பஞ்சு. உயிருள்ள பவளத்தையே மூடிக் கொல்லுது. ஆனா எந்த இனம்னு முழுப் பேர் கிடைக்க 20 வருஷம் ஆச்சு. 1993ல் ருட்ஸ்லரும் மியூசிக்கும் அதை முறையா விவரிச்சு டெர்பியோஸ் ஹோஷினோட்டான்னு பேர் வெச்சாங்க. ஒரு மில்லிமீட்டர் கூட தடிமன் இல்லாத படலம். உள்ளே சயனோபாக்டீரியா, அந்தக் கறுப்பு அதோடது. ஊசி குண்டூசி மாதிரி, தலை மட்டும் பல குமிழாப் பிரிஞ்சிருக்கும்.

2018ல் இதே இனம் நம்ம மன்னார் வளைகுடாவிலும் பவளத்தை மூடுதுன்னு ஆய்வாளர்கள் 'கரண்ட் சயின்ஸ்' இதழ்ல எழுதினாங்க. செத்த பவளத்து மேல வளர்ற சாதாரணப் பாசின்னா கவலை வேற. இதுன்னா, குவாமிலும் ஜப்பான் தீவுகளிலும் நடந்தது அத்தனையும் தூத்துக்குடிக்காரங்க படிக்க வேண்டிய பாடம். அந்தக் கதவைத் திறந்தது பேர்தான்.

புது இனம்னு அறிவிக்கறது இன்னும் கஷ்டம். ஏற்கெனவே விவரிச்ச எதுவும் இல்லைன்னு காட்டணும். ஹோலோடைப்னு ஒரு மாதிரியை அருங்காட்சியகத்துல வைக்கணும். 1902ல் ஹெர்ட்மன் இலங்கைக் கடல்ல சேகரிச்ச கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி 1905ல் விவரிச்சார். நம்ம வாசல்ல கிடைச்சதை ஒப்பிட, இங்கே இருக்கறவங்க லண்டன் அலமாரியை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கு. எனக்கு அது கொஞ்சம் உறுத்தும்.

படம் அனுப்பறவங்களுக்கு ஒண்ணு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. துண்டு கிள்ளி எடுக்காதீங்க, அதுக்கு அனுமதி வேணும். பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு, கிட்டே ஒண்ணு, தள்ளி ஒண்ணுன்னு படம் எடுங்க. தேதி, இடம், ஆழம் மூணும் எழுதி அனுப்புங்க.