இசை வகுப்பில் பறை



காந்திபுரத்தில் நடைபெறும் இக்கூட்டத்திற்கு வருமுன், அரசுப் பள்ளி இசையாசிரியர் சிலரோடு உரையாடினேன். 2012-ஆம் ஆண்டு பகுதிநேரமாக அமர்த்தப்பட்டவர்கள்; வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, தொடக்க ஊதியம் 5,000 ரூபாய். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது தங்கள் பாடவேளையே என்றனர்.

அவர்களுள் ஓர் அம்மையார் பறையை வகுப்பிற்குக் கொண்டுவர விரும்பினார். எதிர்ப்போ நம்மவர் வீட்டிலிருந்தே எழுந்தது. சாவுக்கு அடிக்கவா பிள்ளையைப் படிக்க அனுப்பினோம் என்று ஒரு தந்தை கேட்டாராம். அக்கேள்வியை நான் எளிதில் தள்ளமாட்டேன். கட்டாயத்தின்பேரில் அடித்த கை அது. தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது என்றோ, 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் பத்மஸ்ரீ பெற்றார் என்றோ சொன்னால் அத்தழும்பு ஆறிவிடுமா?

அம்மையார் அத்தந்தைக்கு அளித்த விடை வேறு. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று அடிகுச்சியும் சுண்டுகுச்சியும் பிடிப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு மட்டுமே என்றால் நானே வேண்டாமென்பேன் என்றார். நானும் அக்கட்சியே. அதே வகுப்பில் வீணையும் வயலினும் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டவேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நம் பெற்றோரிடம் ஒன்று வேண்டுகிறேன்: தேர்வு மாதத்திலும் இசைப் பாடவேளை நடக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.