மலையடிவாரத்தில் நம் தோட்டம்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் செடி கொடிகளைப் பற்றி நாம் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுக்கத்தானே நம் முன்னோர் நம்மைப் பள்ளிக்கு அனுப்பினர்? மீண்டும் மண்ணுக்குத் திரும்பச் சொல்வது முறையா? கேள்வி நியாயமானதே. பிறர் நிலத்தில், பிறர் ஏவலில் செய்த வேலையை நாம் போற்றவில்லை. அதைப் போற்றுவோர் பெரும்பாலும் அதைச் செய்தறியாதவர்கள். நம் பொது நிலத்தில், நாமே திட்டமிட்டு, நாமே குறிப்பெழுதி வளர்க்கும் தோட்டத்தைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

அண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 2,670 அடி உயரமுள்ள இம்மலை, விறகு வெட்டாலும் மேய்ச்சலாலும் கோடைதோறும் பற்றும் புல்தீயாலும் மொட்டையாகிக் கிடந்தது. 1988-இல் தோன்றிய அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கமும், பின்னர் வந்த 'ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளையும் இம்மண்ணுக்குரிய மரங்களை நாற்றுவிட்டு நட்டன. இன்று சரிவுகளில் பசுமை திரும்பியுள்ளது. 2024 டிசம்பர் 1-ஆம் நாள் பெருமழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து எழுவர் மாண்டதையும் நாம் மறக்கவில்லை. மரமிருந்தால் பிழைத்திருப்பர் என்று சொல்லிவிடுவது எளிது. அன்று பெய்த மழை அத்தகையதன்று. ஆனால் சரிவின் கீழே குடியிருக்க நேர்பவர் யார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இம்மண்ணுக்குரிய செடி என்றால் என்ன? ஆடுதின்னாப்பாளையைப் பாருங்கள். ஆடும் தீண்டாத அந்தக் கசப்பிலையைத் தின்றே, சிவந்த உடலுடைய ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. இலையின் நஞ்சு பூச்சியின் உடலில் தங்கிவிடுவதால் பறவைகள் அதனை விட்டுவிடுகின்றன. களையென்று அச்செடியைப் பிடுங்கினால் அந்தப் பூச்சி முட்டையிட இடமில்லை. எருக்கிலும் கொன்றையிலும் கறிவேப்பிலையிலும் இவ்வாறே வெவ்வேறு புழுக்கள் வாழ்கின்றன. ஆலுக்கு ஒரு குளவி, அத்திக்கு வேறொரு குளவி. கடுகளவான அவை இல்லாவிடில் அம்மரங்களில் விதை பிடிக்காது. சூரை, களா, காரை ஆகியவற்றின் பழங்களைத் தின்னும் கொண்டைக்குருவியே அவற்றின் விதைகளைத் தூவுகிறது. வேலியிட்டு வளர்த்தால் பத்துச் சென்ட் நிலத்திலும் இவற்றுக்கு இடமுண்டு.

இவற்றை அறிந்தவர் யார்? ஆடு மேய்த்த, கீரை பறித்த நம் பாட்டிமார் அறிவர். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராக இருந்து மூலிகை அறிந்தவர். 1907-இல் இதழும் நடத்தினார். அவரிடம் அறிவும் எழுத்தும் சேர்ந்திருந்தன. நம் பாட்டிமாருக்கோ எழுத்து மறுக்கப்பட்டது. மரம் நடும் விழாக்களில் கன்றைத் தொட்டவரின் படம் வருகிறது. குழி தோண்டியவரின் பெயர் வருவதில்லை. இதனை மாற்றுவது தாவரவியல் படிக்கும் நம் பிள்ளைகளின் வேலை.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை மாகாண அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கியது. பிற வகுப்பாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அந்தப் பஞ்சமி நிலம் பெருமளவு கைமாறிற்று. சீமைக்கருவேலம் மண்டிய நிலம் பார்ப்பவர் கண்ணுக்கு ஆளில்லா நிலமாகவே தெரியும். வேலியும் கிணறும் காவலும் உள்ள தோட்டம் அவ்வாறு தெரியாது. பத்திரத்தை அடுத்து நமக்குள்ள வலுவான சான்று அதுவே. முதலில் கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும்.

வேம்பு, நாவல், இலுப்பை ஆகியவை ஆனி, ஆடியில் பழுக்கும். இவற்றின் விதைகள் நாள்பட வைத்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும். பொறுக்கிய சில நாட்களிலேயே ஊன்ற வேண்டும். கொன்றை விதைக்குத் தோல் கடினம். சற்றுத் தேய்த்து ஊறவைத்த பிறகே ஊன்ற வேண்டும். கன்றுகளை ஐப்பசி மழையில் நிலத்தில் நடலாம். பை நிரப்பும் நாளில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வரட்டும். படித்த பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்துடன் பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் சொல்லும் செடியின் பெயரை அவர் சொல்லும் வழக்கிலேயே எழுதி, பக்கத்தில் அவர் பெயரையும் எழுதட்டும்.